சேதுக்கரையில் இங்கிலீஷ் படிப்பு

சென்ற 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 6-ந் தேதி, பாம்பன் புதிய ரயில் பாலத்தைத் திறந்து வைப்பதற்காக இராமேசுவரம் வந்த பிரதம மந்திரி ஸ்ரீ நரேந்திர மோடி, அங்கு கூடியிருந்த ஜனத்திரளின் முன்பு பாஷை சம்பந்தமாக இரண்டு விஷயங்களைப் பிரஸ்தாபித்தார். தமிழ்நாட்டுத் தலைவர்கள் தமக்கு எழுதும் கடிதங்களில் எவரும் தமிழில் கையெழுத்திடுவதில்லை என்பது ஒன்று. ஏழைப் பிள்ளைகளும் டாக்டர்களாகும்படி வைத்தியப் படிப்பைத் தமிழில் நடத்த மாநில சர்க்கார் முன்வர வேண்டும் என்பது மற்றொன்று. அவ்வருஷம் நவம்பர் 17-ந் தேதி டில்லியில் ராம்நாத் கோயங்கா சொற்பொழிவை நிகழ்த்தியபோது இவ்விஷயத்தை அவர் மேலும் விரித்துரைத்தார். மெக்காலே 1835-இல் எழுதிய குறிப்புக்கு 2035-இல் இருநூறு வருஷம் பூர்த்தியாகிறதென்றும், அதற்குள் அக்குறிப்பு விளைவித்த அடிமை மனப்பான்மையைத் தேசம் உதறிவிட வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். தம் சர்க்கார் இங்கிலீஷ் பாஷைக்கு விரோதமானதல்ல, இந்திய பாஷைகளுக்கு ஆதரவானது என்றும் அதே பேச்சில் சொன்னார். அதையும் குறிப்பிடுவதே நியாயம்.

தாய்பாஷைக்கு ஆதரவாக யார் பேசினாலும் நமக்குச் சந்தோஷமே. ஆயினும் முதற்பேச்சு இராமேசுவரத்தில் நிகழ்ந்ததாகலின், இராமேசுவரத்தில் நின்றே இவ்விஷயத்தை ஆராய்வது பொருத்தமாகும். அங்கு நின்று பார்த்தால், மெக்காலே துரை பிற்பாடு வந்தவர் என்பது தெரியவரும். அவர் பிறப்பதற்கு முன்பே இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இராமநாதபுரத்துக்கு வந்துவிட்டது. தஞ்சாவூரில் கும்பினியின் ரெஸிடெண்டாக இருந்த ஜான் ஸல்லிவன் என்பவர், தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்றிடங்களிலும் இங்கிலீஷ் பள்ளிகள் வேண்டுமென்று யோசனை கூறினார். ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் அதனை ஏற்று நடத்தினார். இராமநாதபுரத்துப் பள்ளி 1785-ஐ ஒட்டித் தொடங்கிற்று. 1787-இல் லண்டன் டைரக்டர்கள் அப்பள்ளி ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு 250 வராகன் மானியம் அனுமதித்தார்கள்.

ஸல்லிவன் துரை சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. சுதேச மன்னர்களோடும் ஜனங்களோடும் கும்பினி உத்தியோகஸ்தர் பேச வேண்டுமானால் நடுவே துபாஷி ஒருவன் நிற்கிறான். இரு பக்கத்துப் பேச்சும் அவன் வாய்க்குள் புகுந்தே வெளிவர வேண்டியிருக்கிறது. ஜனங்கள் இங்கிலீஷ் கற்றால் இந்த இடைஞ்சல் தீரும் என்பதே அவர் கருத்து. ஐம்பது வருஷம் கழித்து மெக்காலே எழுதியதோ வேறு. தமக்கும் தாம் ஆளும் கோடிக்கணக்கான ஜனங்களுக்கும் இடையே மொழிபெயர்த்துச் சொல்லும் ஒரு வகுப்பை உண்டாக்க வேண்டும் என்றார். முன்னவர் துபாஷியை ஒழிக்கப் பள்ளி கேட்டார். பின்னவர் துபாஷிகளை உற்பத்தி செய்யக் கலாசாலை கேட்டார். பின்னவர் யோசனையே நிலைத்துவிட்டது. சேதுக்கரையைப் பொறுத்தவரை இன்றைய வழக்கு இதுதான் என்று நாம் கருதுகிறோம்.

ஸல்லிவன் யோசனையைப் புகழ்வதாக எவரும் எண்ண வேண்டாம். பள்ளி வந்து பத்து வருஷத்தில், 1795-இல், அந்தப் பள்ளிக்கு இடங்கொடுத்த சமஸ்தானத்தின் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பினியார் சிம்மாசனத்திலிருந்து இறக்கிச் சிறையில் அடைத்தனர். அவர் மீண்டு வரவில்லை. 1801-இல் மருது சகோதரர்கள் திருச்சியில் ஒட்டிய போர்ப் பிரகடனம் தமிழில் எழுதப்பட்டிருந்தது. அதை வாசிக்க இந்நாட்டாருக்குத் துபாஷி தேவைப்படவில்லை.

பிறகு நடந்தது என்ன? இராமநாதபுரத்தின் தலையெழுத்தை வேற்றுப் பாஷையில் வேற்றூரில் எழுதும் காலம் வந்தது. ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் கணவர் இறந்தபின் பிள்ளை சுவீகாரம் எடுத்தது செல்லுமா செல்லாதா என்ற வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்று 1868-இல் தீர்ப்பாயிற்று. சட்டம் படித்தவர்கள் 'ராம்நாட் கேஸ்' என்று அதை இன்றும் அறிவார்கள். நிலைத்த வழக்கம் நிரூபணமானால் அது எழுதிய சாஸ்திரத்தையும் விஞ்சும் என்ற பெரிய விதியை அத்தீர்ப்பு கூறிற்று. மறவர் சீமையின் வழக்கம் என்ன என்பதை மறவர் சீமையார் வாயால் கேட்டு, மொழிபெயர்த்து, அச்சிட்டு, கப்பலேற்றி, கடல் கடந்து முடிவு செய்தார்கள். அந்தச் சுவீகாரத்தை அங்கீகரித்த தீர்ப்பின் பயனாகத்தான் சமஸ்தானம் அந்த வம்சத்தில் நின்றது. அவ்வாறு சுவீகாரமான மன்னரின் குமாரரே, 1893-இல் சுவாமி விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி. இங்கிலீஷில் நல்ல தேர்ச்சி பெற்றவர். தமிழ்ப் புலவர்களைப் போஷித்தவர்.

ஒரு விநோதத்தை இவ்விடத்தில் சொல்லிவிடலாம். இங்கிலீஷ் இலக்கியம் என்பதைப் பரீட்சைக்குரிய பாடமாக வைத்துப் படிப்பது இங்கிலாந்தின் புராதன வழக்கம் என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். அங்கே லத்தீனும் கிரேக்குமே நெடுங்காலம் படிப்பாக இருந்தன. லண்டனில் புதிதாகத் தோன்றிய யூனிவர்ஸிடி காலேஜில் 1828-இல் இங்கிலீஷுக்கு ஆசிரியர் அமர்ந்தார். ஆக்ஸ்போர்டில் அது தனிப் பட்டப் படிப்பானது 1890-களில், கேம்பிரிட்ஜில் 1917-இல். கல்கத்தா ஹிந்து காலேஜ் மாணாக்கர்களோ 1830-களிலேயே ஷேக்ஸ்பியரைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆளப்பட்டோருக்குப் பரீட்சித்துப் பார்த்த மருந்தையே ஆண்டவர்கள் பிற்பாடு தாமும் உட்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

மருந்து எல்லோரிடத்தும் ஒரே குணத்தைச் செய்யவில்லை. சென்னைச் சர்வகலாசாலை 1857-இல் ஏற்பட்டது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள். வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார் 1823-இல் நிறுவிய செமினரியில் இங்கிலீஷ் கற்றவர்கள். அவ்விருவரில் ஒருவராகிய சி.வை. தாமோதரம் பிள்ளை சர்க்கார் உத்தியோகம் பார்த்தார். ஆனால் அவர் பெயர் நிற்பது உத்தியோகத்தால் அன்று. செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, பிரதிபேதம் பார்த்து, 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றினாரே, அதனால். மெக்காலே திட்டத்தின்படி அவர் நல்ல துபாஷியாக முடிந்திருக்க வேண்டும். பாரதியார் இங்கிலீஷ் கல்வியைக் கடிந்து எழுதினார். ஷெல்லிதாசன் என்ற பெயரிலும் எழுதினார். சிதம்பரம் பிள்ளை சிறைவாசத்தின்போதே ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கத் தலைப்பட்டார். இவர்களுடைய மனம் அடிமைப்பட்டதென்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு? இங்கிலீஷ் பாஷையை அரைகுறையாகக் கற்றவனிடமே அது எஜமான் போல் நடந்துகொள்கிறது. முற்றக் கற்றவனிடம் அதன் அதிகாரம் செல்லுவதில்லை.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். இராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கீழக்கரையில் செய்யது ஹமீதா கல்லூரியும், 1988 முதல் பெண்களுக்கென நடந்துவரும் தாசிம் பீவி அப்துல் காதர் கல்லூரியும் இருக்கின்றன. இராமேசுவரத்திலேயே அப்துல் கலாம் பெயரால் அரசு கலை அறிவியல் கல்லூரி உண்டாயிருக்கிறது. இவை காரைக்குடி அழகப்பா சர்வகலாசாலையின் பாடத்திட்டத்துக்கு உட்பட்டவை. தீவிலிருந்து மாவட்டத் தலைநகருக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர் உள்ள சீமையில், மீனவர் வீட்டிலும் கரிமூட்டம் போடுவோர் வீட்டிலும் பிறந்த பெண்கள் குடும்பத்திலேயே முதல்முதலாகப் பட்டத்துக்குப் படிக்கிறார்கள். 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கும், 2024 முதல் மாணவருக்கும் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை என்று மாநில சர்க்கார் ஏற்படுத்திய திட்டங்கள் இவ்விஷயத்தில் உண்மையான உபகாரம். மத்திய சர்க்கார் 2018-இல் முன்னேற்றம் தேவைப்படும் மாவட்டங்களைப் பொறுக்கி எடுத்தபோது தமிழ்நாட்டில் இரண்டைக் குறித்தது. விருதுநகர் ஒன்று, இராமநாதபுரம் மற்றொன்று. அப்படிப்பட்ட இடத்துப் பிள்ளை இங்கிலீஷ் இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தால், அதை ஆடம்பரம் என்று நகைப்பவர் உண்டு. நாம் நகைக்க மாட்டோம். தன் தகப்பனுக்கு எட்டாமற் போன கதவைத் திறக்கவே அந்தப் பிள்ளை அதை எடுக்கிறது.

கதவு திறக்கிறதா என்பதே கேள்வி. பள்ளியில் தமிழ் வழியாகப் படித்து வரும் மாணாக்கர் முன் முதல் வருஷத்திலேயே பழங்கால இங்கிலீஷ் கவிகளை வைக்கிறார்கள். மூலத்தைப் படிக்க இயலாத மாணாக்கருக்கு ஆசிரியர் கதையைத் தமிழில் சொல்லுகிறார். மாணாக்கர் கடையில் விற்கும் கைடு புத்தகத்தை வாங்கி விடையை நெட்டுருப் போடுகிறார். பரீட்சையில் அதை இறக்கி வைத்துவிட்டு வருகிறார். மூன்று வருஷம் மில்டனோடு பழகியவர் தாலுகா ஆபீஸிலிருந்து இங்கிலீஷில் வரும் நோட்டீஸுக்கு நான்கு வரி பதில் எழுதத் தயங்குகிறார். மாணாக்கர் மீது குற்றமில்லை. ஆசிரியர்களையும் நாம் எளிதில் குறைகூற மாட்டோம். தொகுப்பூதியத்தில், அடுத்த வருஷம் வேலை உண்டோ இல்லையோ என்று அறியாத கௌரவ விரிவுரையாளர்களின் தோள்மீது அரசுக் கலாசாலைகள் பெரும்பாரத்தை ஏற்றிவைத்திருக்கின்றன. கும்பினியின் 250 வராகனைப் பற்றி ஏளனமாகப் பேசும் நாம், அது வருஷந்தோறும் தவறாமல் கொடுப்பதற்காக அனுமதிக்கப்பட்ட மானியம் என்பதையும் நினைக்க வேண்டும்.

இங்கிலீஷைப் பேசத் தெரிந்தால் போதாதா, வியாபாரத்துக்கும் உத்தியோகத்துக்கும் அதுதானே வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். சர்க்காரின் திறன் பயிற்சிகளும் பெரும்பாலும் பேச்சிலேயே கண் வைத்திருக்கின்றன. சேதுக்கரையில் இங்கிலீஷை வாசிக்கத் தெரியாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு ஒரே ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறோம்.

285 ஏக்கர் விஸ்தீரணமுள்ள கச்சத்தீவைப் பற்றி 1974-ஆம் வருஷம் ஜூன் 26, 28 தேதிகளில் கொழும்பிலும் டில்லியிலும் கையெழுத்தான ஒப்பந்தம் இங்கிலீஷில் அமைந்தது; ஒரு சில பக்கங்களே கொண்டது. அதன் 4-ஆவது ஷரத்து, எல்லைக்கோட்டுக்குத் தன் பக்கத்திலுள்ள நீர், தீவு, அடிநிலம் ஆகியவற்றில் அந்தந்த தேசத்துக்கே முழு ஆதிபத்தியம் என்கிறது. 5-ஆவது ஷரத்து, மேற்சொன்னவற்றுக்கு உட்பட்டு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் இதுகாறும் போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம், அதற்கு இலங்கையின் பிரயாணச் சீட்டோ விசாவோ தேவையில்லை என்கிறது. 6-ஆவது ஷரத்து, இரு தேசத்துக் கலங்களும் ஒன்றன் நீரில் மற்றொன்று பரம்பரையாக அனுபவித்துவந்த உரிமைகளை அனுபவிக்கும் என்கிறது. நேயர்கள் நிதானித்துப் பார்க்க வேண்டும். 5-இல் மீனவர் என்ற சொல் உண்டு. மீன் பிடித்தல் என்ற சொல் இல்லை. 6-இல் கலம் உண்டு, உரிமை உண்டு. எந்த உரிமை என்ற விவரம் இல்லை. 'மேற்சொன்னவற்றுக்கு உட்பட்டு' என்ற தொடரோ, 5-ஆவது ஷரத்து கொடுப்பதை 4-ஆவது ஷரத்தின் காலடியில் வைத்துவிடுகிறது.

அந்த வருஷம் ஜூலையில் பாராளுமன்றத்தில் வெளிநாட்டு மந்திரி ஸ்வரண் சிங், மீன்பிடிப்பு, யாத்திரை, கப்பற் போக்குவரத்து ஆகிய உரிமைகள் பத்திரமாக இருக்கின்றன என்று சமாதானம் கூறினார். பிற்காலத்து இந்திய சர்க்கார்கள் அதே 5-ஆவது ஷரத்துக்கு, வலை உலர்த்தலாம், இளைப்பாறலாம், அந்தோணியார் திருவிழாவுக்குப் போகலாம், அவ்வளவுதான் என்று பொருள் கொண்டன. இடையில் 1976 மார்ச் 23-ந் தேதி இரு தேசத்துக் காரியதரிசிகளும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒரு தேசத்து மீனவர் மற்றதன் கடலில் மீன் பிடிக்கலாகாது என்று அக்கடிதங்கள் கூறின. அவ்வருஷம் ஜனவரி 31-ந் தேதியே தமிழ்நாட்டு மந்திரிசபை கலைக்கப்பட்டிருந்ததால், சட்டசபையில் ஒரு கேள்வி கேட்கவும் ஆளில்லை.

2025 ஏப்ரல் 2-ந் தேதி, அதாவது பிரதம மந்திரி இராமேசுவரம் வருவதற்கு நான்கு நாள் முன்பு, கச்சத்தீவை மீட்க வேண்டுமென்று தமிழ்நாடு சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தை ஆதரித்துப் பேசியவர்களிலும், மேடைதோறும் அதைப் பற்றி முழங்குபவர்களிலும் எத்தனை பேர் அந்த மூன்று ஷரத்துகளை மூலத்தில் படித்திருப்பார்கள்? பாம்பன் துறையிலும் தங்கச்சிமடத்திலும் மீனவர்கள் கேள்விப்படுவது கட்சிக்கொரு வியாக்கியானம். நமது விசைப்படகுகளின் இழுவை மடி யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவரின் வலையை அறுத்துக்கொண்டு போவதும் மறுக்க முடியாத உண்மை. அந்த வழக்கைப் பேசித் தீர்க்க வேண்டிய இரு சாராரும் தமிழர்கள். இருவருக்கும் நடுவே கிடக்கும் காகிதம் இங்கிலீஷ். ஸல்லிவன் காலத்துத் துபாஷி இன்றைக்கும் இடம் காலி செய்யவில்லை.

கடல் அட்டை விஷயமும் இத்தகையதே. மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாக அட்டை எடுத்து அவித்து உலர்த்தி விற்றவர்கள், 2001-இல் வனஜீவராசிகள் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது சேர்க்கப்பட்டபின் குற்றவாளிகளானார்கள். அக்கரையில் இலங்கையிலோ லைசென்ஸ் பெற்று எடுக்கலாம். இருபத்தொரு தீவுகள் அடங்கிய கடல் தேசியப் பூங்கா 1986-இல் ஏற்பட்டதிலிருந்து, பாசி எடுக்கும் பெண்கள் எங்கே முழுகலாம், எங்கே கூடாது என்பதும் அறிவிக்கைகளைப் பொறுத்தது. கடலைக் காப்பாற்றுவது அவசியமென்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. எதற்காகத் தண்டிக்கப்படுகிறோம் என்பதைத் தண்டனைக்கு முன்பு படித்தறிய முடியாதவன் எப்படிச் சுதந்திரப் பிரஜையாவான் என்பதே நம் கேள்வி.

இவற்றையெல்லாம் தமிழிலேயே எழுதிவிட்டால் இங்கிலீஷ் எதற்கு என்று கேட்பது நியாயமே. எழுதட்டும், முதலில் வரவேற்பவர்கள் நாமாக இருப்போம். அரசியல் சட்டத்தின் 348-ஆவது ஷரத்து ஹைகோர்ட்டின் பாஷை இங்கிலீஷ் என்று விதித்திருக்கிறது. ஜனாதிபதியின் சம்மதத்தோடு மாநில பாஷையையும் உபயோகிக்கலாம் என்று அதிலேயே வழியும் இருக்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றின் ஹைகோர்ட்டுகளில் ஹிந்திக்கு அவ்வழி திறந்தது. தமிழுக்கு வேண்டுமென்று 2006-இல் தமிழ்நாடு சட்டசபை கேட்டது, கிடைக்கவில்லை. இராமநாதபுரத்தான் மதுரைக் கிளையில் தன் வழக்கு வாதிக்கப்படும்போது இன்னும் வக்கீலின் முகத்தைப் பார்த்தே ஜயாபஜயத்தை ஊகிக்கிறான். மெக்காலேயை 2035-க்குள் வழியனுப்புவதென்று தீர்மானித்தவர்கள் அந்த வாசலிலிருந்து தொடங்கியிருக்கலாமே. அதுவரை, பாஷையைக் கைவிடும்படி கரையோரத்து ஏழைக்கு உபதேசிப்பது, ஆயுதம் எதிரியின் கையில் இருக்கையில் இவனை மட்டும் வெறுங்கையோடு நிற்கச் சொல்வதாகும். மொழிபெயர்க்கும் யந்திரங்கள் வந்துவிட்டன என்று சொல்பவருக்கும் ஒரு வார்த்தை: யந்திரம் 5-ஆவது ஷரத்தை நொடியில் தமிழாக்கித் தரும், அதில் மீன் பிடித்தல் என்ற சொல் ஏன் இல்லை என்று கேட்க வேண்டியவன் மனிதன்.

ஷேக்ஸ்பியரை எடுத்தெறிந்துவிட்டு ஒப்பந்தங்களை மட்டும் பாடமாக்கச் சொல்லுகிறோமா என்றால், இல்லை. ஒரு சொல் ஏன் அங்கு நிற்கிறது, ஏன் வேறொன்று நிற்கவில்லை என்று நின்று பார்க்கும் பழக்கத்தை இலக்கியமே தருகிறது; சட்டப் புத்தகம் மட்டும் படித்தவனுக்கு அது வருவதில்லை என்பது நம் தொழிலின் அனுபவம். இதே சீமையிலிருந்து ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்துத் திருச்சி செயின்ட் ஜோஸப் கலாசாலைக்குச் சென்ற அப்துல் கலாம், பௌதிகம் எடுத்திருந்தும் கடைசி வருஷத்தில் டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி ஆகியோரின் நூல்களில் ஈடுபட்டதைத் தம் சரித்திரத்தில் கூறுகிறார். அவர் அவற்றைக் கைடு புத்தகத்தில் படித்திருந்தால் ஈடுபாடு வந்திராது.

மாற்ற வேண்டியது முறை. அழகப்பா சர்வகலாசாலையின் பாடக்குழுவார் சேதுக்கரைக் கலாசாலைகளுக்கென்று மொழிபெயர்ப்பை ஓர் ஓரத்துத் தாளாக வைக்காமல், மூன்று வருஷமும் தொடரும் வேலையாக வைக்கலாம். இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு ஒப்பந்தங்களும் கடல் சம்பந்தமான சட்டங்களும் வரட்டும். தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு நெய்தல் திணைச் செய்யுட்கள் போகட்டும். மதுரையில் ஒருகாலம் இங்கிலீஷ் ஆசிரியராக இருந்த ஏ.கே. ராமானுஜன் சங்கக் கவிகளை 1967-இல் இங்கிலீஷில் வெளியிட்ட பிறகுதான் உலகம் அவற்றைக் கேட்டது. அவருக்கு நெய்தல் ஏட்டில் கிடைத்தது, நம் மாணாக்கருக்கோ வாசற்படியில் கிடைக்கிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நாலு காற்றுக்கும் பெயர் சொல்லும் வீட்டிலிருந்து வரும் பெண், அவற்றை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று ஒரு மணி நேரம் தவித்தாளானால், இரண்டு பாஷையும் அவளுக்கு வசமாகும்.

மாநில சர்க்கார் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அரசுக் கலாசாலைகளின் இங்கிலீஷ் பகுதிகளில் நிரந்தர ஆசிரியர்களை நியமிக்க வேண்டும். கைடு புத்தகத்தைப் பார்த்து விடை எழுத முடியாதபடி, முன்பின் காணாத பத்தியொன்றைக் கொடுத்துப் பொருள் சொல்லச் செய்யும் கேள்விகளைப் பரீட்சையில் பாதிக்குமேல் வைக்கச் சர்வகலாசாலைகளைத் தூண்ட வேண்டும். அதற்கு நிதி மந்திரியின் சம்மதம்கூடத் தேவையில்லை. 1974-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின் மூன்று ஷரத்துகளையும் முதற்கேள்வியாக வைக்கலாம். அந்த வினாத்தாளின் நகலொன்றை மீனவர் சங்கங்களுக்கும் அனுப்பி வைக்கலாம்.